கவர் படம் ஏன் வெட்டுப்படுகிறது, ஏன் மங்கலாகிறது

ப்ரொஃபைலுக்குப் பின்னால் போடுகிற அந்த நீளப் படத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "நல்ல ஹெச்டி படமா போடுங்க." சரி என்று போட்டால், கணினியில் அழகாக இருந்த படம் போனில் பெயரில் பாதியை விழுங்கிவிடுகிறது, எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி ஏதோ தெரிகிறது. உடனே இன்னொருவர் வந்து "300 டிபிஐ-ல சேவ் பண்ணீங்களா?" என்பார். அதையும் செய்து பார்த்தால் ஒரு மாற்றமும் இருக்காது. இருக்கவும் முடியாது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். நீங்கள் ஏற்றுகிற படமும் பார்ப்பவர் திரையில் தெரிகிற படமும் ஒன்றல்ல. நடுவில் தளம் அதை வெட்டுகிறது, அதன்மேல் உங்கள் முகப்படத்தையும் பொத்தான்களையும் வைக்கிறது, கோப்பைப் பிழிந்து சிறிதாக்குகிறது. இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது என்ன என்று முன்கூட்டியே யோசித்து வரைவதுதான் கவர் டிசைன். அழகு பற்றிய பேச்செல்லாம் அதற்கு அப்புறம்.

பின்னணி என்று எதைச் சொல்கிறோம்

முன்பு இந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருந்தது. 2003-ல் வந்த மைஸ்பேஸில் பக்கம் முழுக்க நாமே நிரல் எழுதி மாற்றலாம். மின்னுகிற நட்சத்திரத்தைப் பின்னால் ஓடவிட்டு, அதன்மேல் இளஞ்சிவப்பில் எழுதி, யாராலும் படிக்க முடியாத பக்கங்களை உலகமே தயாரித்துக்கொண்டிருந்த காலம் அது. ட்விட்டரிலும் பதிவுகளுக்குப் பின்னால் வால்பேப்பர் போடலாம், சின்னப் படத்தைக் கொடுத்தால் ஓடு பதித்த மாதிரி திரை முழுக்க அடுக்கிக் காட்டும். போனில் பார்ப்பவர்கள் பெருகியபோது அந்த வால்பேப்பருக்கு இடமே இல்லாமல் போனது. பதிவின் இரண்டு பக்கமும் காலி இடம் இருந்தால்தானே பின்னணி தெரியும்? 2012-ல் ட்விட்டர் மேலே ஹெடர் படத்தைக் கொண்டுவந்தது, 2015-ல் டைம்லைனில் இருந்து வால்பேப்பரை எடுத்தேவிட்டது.

ஆக இன்றைக்குப் பின்னணி என்றால் ப்ரொஃபைலின் உச்சியில் இருக்கும் ஒரு பட்டைதான். ஃபேஸ்புக்கில் கவர், எக்ஸில் (பழைய ட்விட்டர்தான்) ஹெடர், யூடியூபில் பேனர் என்கிறார்கள். இங்கே எல்லாவற்றையும் கவர் என்றே சொல்கிறேன்.

ஒல்லியான ஃபிரேமும் கல்யாண ஃபோட்டோவும்

ஒரு கல்யாண குரூப் ஃபோட்டோவை ஃபிரேம் கடைக்கு எடுத்துப் போகிறீர்கள். கடையில் இருப்பது நீளமான, ஒல்லியான ஃபிரேம் ஒன்றுதான். கடைக்காரருக்கு மூன்று வழி உண்டு. படத்தை முழுசாக உள்ளே வைத்து இரண்டு ஓரத்திலும் வெள்ளையாக விடலாம். இழுத்து நீட்டி நிரப்பலாம், ஆனால் தாத்தா திடீரென்று இரண்டு மடங்கு குண்டாகிவிடுவார். இல்லையென்றால் மேலேயும் கீழேயும் வெட்டி எறிந்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் மாட்டலாம்.

சமூக ஊடகத் தளங்கள் அநேகமாக எப்போதும் மூன்றாவது வழியைத்தான் எடுக்கின்றன. எவ்வளவு வெட்டுவது என்பதைத் தீர்மானிப்பது அகல உயர விகிதம், அதாவது அகலம் உயரத்தைப் போல எத்தனை மடங்கு என்கிற கணக்கு. படம் எத்தனை பெரியது என்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை.

எண்ணாகப் பார்த்தால் இது எவ்வளவு கொடுமை என்று தெரியும். போன் கேமராவில் வழக்கமாக எடுக்கிற 12 மெகாபிக்சல் படம் 4000 × 3000 அளவில் இருக்கும், விகிதம் 4-க்கு 3. எக்ஸ் கேட்பது 1500 × 500, அதாவது 3-க்கு 1. உங்கள் 4000 அகலத்தை அப்படியே வைத்தாலும் உயரத்தில் 1333 தான் தங்கும், படத்தில் பாதிக்கும் மேல் போய்விட்டது. லிங்க்ட்இன் கேட்பது 1584 × 396, அதாவது 4-க்கு 1. அங்கே மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு. கேமரா எத்தனை லட்சம் கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஒரே படம், பல ஃபிரேம்

இதோடு விட்டால் பரவாயில்லை. ஒரே தளம் ஒரே படத்தைக் கணினியில் ஒரு விகிதத்திலும் போனில் வேறு விகிதத்திலும் காட்டும். ஃபேஸ்புக் வெகுகாலமாகச் சொல்லிவரும் அளவு, கணினியில் 851 × 315, போனில் 640 × 360. முதலாவது ஒல்லி, இரண்டாவது கொஞ்சம் உயரம் கூடியது. 851 × 315-ல் கச்சிதமாக ஒரு படம் செய்து ஏற்றினீர்கள் என்றால், போனின் உயரத்தை நிரப்புவதற்காக இரண்டு பக்கமும் சுமார் 145 பிக்சல் வெட்டுப்படும். அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. கடையின் பெயரை இடது ஓரத்தில் இருந்து வலது ஓரம் வரை அகலமாக எழுதியவர்களுக்கு நேர்வது இதுதான்.

யூடியூப் இதில் இன்னும் மோசம், ஆனால் நேர்மையாக முன்பே சொல்லிவிடுகிறது. குறைந்தது 2048 × 1152-ல் படம் கேட்கும். அந்த முழுப் படத்தையும் டிவியில் மட்டும்தான் காட்டும். கணினியில் நடுவே ஓடும் ஒரு நீளப் பட்டை, போனில் அதைவிடக் குட்டை. எல்லாத் திரையிலும் நிச்சயமாகத் தெரியும் என்று அது உறுதி தரும் பகுதி நடுவில் 1235 × 338 மட்டும். பெருக்கிப் பாருங்கள், மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை!

எந்தத் திரையிலும் வெட்டுப்படாமல் தப்பிக்கும் இந்த நடுப்பகுதிக்குப் பாதுகாப்பான பகுதி என்று பெயர். பெயர், முகம், லோகோ மூன்றும் இதற்குள்தான் இருக்க வேண்டும். வெளியே இருப்பது வானம், சுவர், இலை, துணி என்று போனாலும் பரவாயில்லாத பொருளாக இருக்கட்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: விகிதம் பொருந்தாவிட்டால் தளம் வெட்டும், திரைக்குத் திரை வேறு மாதிரி வெட்டும், முக்கியமானதை நடுவில் வைத்தால் பிழைக்கும்.

மேலே வந்து உட்காருகிறவை

வெட்டுக்குத் தப்பினாலும் மறைப்புக்குத் தப்பாது. எக்ஸிலும் லிங்க்ட்இனிலும் உங்கள் வட்ட முகப்படம் கவரின் இடது கீழ் மூலையில் ஏறி உட்காரும். ஃபேஸ்புக்கிலும் கவரின் கீழ் விளிம்பை அது தொடும். போன் செயலிகளில் பின்னால் போகிற அம்புக்குறி, தேடல் பொத்தான் எல்லாம் மேல் விளிம்பில் மிதக்கும். அதனால் இடது கீழ் மூலையில் போன் நம்பர் எழுதாதீர்கள். (பொதுவாகவே கவரில் போன் நம்பர் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. படத்தில் இருக்கும் எண்ணை எழுத்தைப் போலச் சுலபமாகக் காப்பி செய்ய முடியாது, அதற்கென்று கீழே தனி இடம் இருக்கிறது.)

பிக்சலும் அந்த 300 டிபிஐ-யும்

பிக்சல் என்பது ஒரே ஒரு நிறம் கொண்ட மிகச் சிறிய சதுரம். படம் என்பது இந்தச் சதுரங்களின் அடுக்கு. 1500 × 500 படத்தில் ஏழரை லட்சம் இருக்கும். திரைக்குத் தெரிந்த கணக்கு இது ஒன்றுதான்.

டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி அச்சடிக்க வேண்டும் என்று அச்சு இயந்திரத்துக்குச் சொல்லும் குறிப்பு. 1500 பிக்சல் அகலப் படத்தை 300 டிபிஐ-யில் அச்சடித்தால் 5 அங்குலம் வரும், 72-ல் அடித்தால் சுமார் 21 அங்குலம் வரும். திரையில் இரண்டும் அதே 1500 பிக்சல்தான், ஒரு துளி வித்தியாசம் இருக்காது. நம் ஊரில் இந்த நம்பிக்கை ஆழமாக வேர்விட்டதற்குக் காரணம் எளிது: டிசைன் என்றாலே பத்திரிகை, நோட்டீஸ், ஃப்ளெக்ஸ் என்று அச்சுக்கடை வழியாகக் கற்றவர்கள் நிறைய, அங்கே அந்த எண் உண்மையிலேயே முக்கியம். அதையே இணையத்துக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

பெரிய படத்தைச் சிறிதாக்கினால் நஷ்டம் குறைவு, இருக்கிற சதுரங்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் போதும். சின்னப் படத்தைப் பெரிதாக்கும்போதுதான் சிக்கல், இல்லாத சதுரங்களைக் கணினி ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கிறது. அந்த ஊகம்தான் மங்கல். வாட்ஸ்அப்பில் வந்த படத்தையோ, போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் இருந்து வெட்டிய துண்டையோ கவராகப் போட்டால் இது அடிக்கடி நடக்கும்.

இன்னொரு நெளிவும் உண்டு. இன்றைய போன் திரைகளில் புள்ளிகள் மிக நெருக்கம், தளம் "1 பிக்சல்" என்று சொல்லும் இடத்தில் திரை இரண்டு மூன்று புள்ளிகளைப் பயன்படுத்தும். அதனால் ஃபேஸ்புக்கின் 851-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாமல் இரண்டு மடங்காக, 1702 அகலத்தில் செய்வது நல்லது. உயரத்தை 958 வைத்தால் போனின் விகிதத்துக்குப் பொருந்தும். கணினியில் மேலும் கீழும் சுமார் 164 பிக்சல் வெட்டுப்படும், அதை முன்பே தெரிந்து காலியாக விட்டுவிடலாம்.

எழுத்தைச் சுற்றி வரும் அழுக்கு

அளவெல்லாம் சரியாக இருந்தும் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கிறதா? அது ஜேபெக் (JPEG) என்ற படக் கோப்பு வகை செய்கிற வேலை. பலரும் "ஃபேஸ்புக் குவாலிட்டியைக் குறைச்சிடுது" என்று பொத்தாம்பொதுவாகத் திட்டுவார்கள். என்ன குறைகிறது, எங்கே குறைகிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினையைத் தவிர்க்கலாம்.

ஏழரை லட்சம் பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் வீதம் அப்படியே சேமித்தால் இரண்டேகால் எம்பி ஆகும். ஒவ்வொரு ப்ரொஃபைலைத் திறக்கும்போதும் இவ்வளவு இறக்க எந்தத் தளமும் தயாராக இல்லை. அதனால் கோப்பைச் சில நூறு கேபி-க்கோ அதற்கும் கீழேயோ கொண்டுவருவார்கள். இதற்குச் சுருக்கம் என்று பெயர். ஜேபெக் முறையில் சில தகவல்களை நிரந்தரமாக வீசிவிட்டுத்தான் சுருக்க முடியும். எதை வீசலாம் என்பதை அது நம் கண்ணின் பலவீனத்தைப் பார்த்து முடிவு செய்கிறது.

முதல் பலவீனம், நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வித்தியாசத்தை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது. அதனால் வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தைப் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று பகிர்ந்து கொடுத்துவிடும். கருப்பின்மேல் வெள்ளை எழுத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது, அங்கே எழுத்தின் ஓரம் வெளிச்சத்தில்தான் இருக்கிறது. கருநீலத்தின்மேல் சிவப்பு எழுத்து என்றால் ஓரம் பெரும்பாலும் நிறத்தில்தான் இருக்கிறது, பக்கத்துப் பிக்சலோடு நிறம் கலந்து எழுத்து கசியும். கட்சிக் கவர்களிலும் ரசிகர் மன்றக் கவர்களிலும் சிவப்பு எழுத்து எப்போதும் கொஞ்சம் ஊறிப்போன மாதிரி தெரிவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் "இவ்வளவு சமதளம், இவ்வளவு அகலக் கோடு, இவ்வளவு நுணுக்கக் கோடு" என்று கலவையாக எழுதிக்கொள்ளும். பிறகு நுணுக்கக் கோடுகளின் கணக்கைத்தான் அதிகமாகத் தோராயமாக்கிவிடும். மேகத்திலும் முகத்திலும் நுணுக்கக் கோடு குறைவு, எனவே யாருக்கும் தெரியாது. எழுத்தின் கூரான ஓரத்தை உருவாக்க அந்த நுணுக்கக் கோடுகள் எல்லாம் சேர்ந்தே ஆக வேண்டும். சிலது குறைந்தால் மீதி தனியாகத் தெரியும், எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்த மாதிரி. நீங்கள் பார்த்த அழுக்கு இதுதான்.

ஒவ்வொரு முறை ஜேபெக்காக மறுபடி சேமிக்கும்போதும் இது கூடும். கேன்வா என்ற டிசைன் செயலியில் செய்து, ஜேபெக்காக இறக்கி, வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பி, அவர் கேலரியில் கொஞ்சம் பிரைட்னஸ் ஏற்றி, பிறகு தளத்தில் போட்டால் நான்கைந்து முறை பிழிந்தாயிற்று. பிஎன்ஜி என்ற கோப்பு வகை எதையும் வீசாமல் சுருக்கும். எழுத்தும் லோகோவும் உள்ள கவரை அதில் இறக்கி நேராக ஏற்றுங்கள். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக இல்லாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். தளம் உள்ளே போனபின் தன் வழக்கப்படி பிழியத்தான் செய்யும், ஆனால் அது ஒரு முறையோடு நிற்கும்.

சுருக்கமாக: அளவுக்குச் சரியாக நீங்களே வெட்டிக் கொடுங்கள், பிஎன்ஜி-யில் கொடுங்கள், எழுத்து வெளிச்சத்தில் மாறுபடட்டும்.

தமிழில் எழுதும்போது

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு முக்கியமாகப் படுவதோ இதுதான். ஆங்கிலத்துக்குச் செய்த டெம்ப்ளேட்டில் தமிழைப் போட்டால் மூன்று இடத்தில் இடிக்கும்.

சொல் நீளம். ஆங்கிலத்தில் இரண்டு குட்டிச் சொல்லாக வருவது நமக்கு ஒரே நீளச் சொல்லாக வரும், நடுவில் உடைக்கவும் முடியாது. டெம்ப்ளேட் அதைப் பெட்டிக்குள் அடக்க எழுத்தைச் சிறிதாக்கிவிடும். எழுத்து சிறிதானால் முதலில் பலியாவது புள்ளி. மெல்லிய எழுத்துருவில், சின்ன அளவில், மேலே பார்த்த பிழிதலும் சேர்ந்தால் ட-வும் ட்-டும் ஒன்றாகிவிடும். ண, ணை போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு கருப்புக் கட்டியாகும். எனவே கவருக்கு மெல்லிய எழுத்துரு வேண்டவே வேண்டாம். நடுத்தரக் கனமோ அதற்கு மேலோ எடுங்கள். இலவசமாகக் கிடைக்கிறவற்றில் முக்த மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் மூன்றுமே பல கனங்களில் வருகின்றன. கொஞ்சம் குஷியாக வேண்டுமென்றால் பாலூ தம்பி.

அடுத்தது வரி இடைவெளி. நம் எழுத்துக்கள் மேலே கீ, டி என்று சுழித்து ஏறும், கீழே மூ, ஞு என்று இறங்கும். ஆங்கில இடைவெளியையே வைத்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும்வரை தாராளமாகக் கூட்டுங்கள்.

மூன்றாவது, கொம்பு தனியே கழன்று நிற்பது. "கொ" என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக வந்தால், குற்றம் எழுத்துருவில் இருக்காது, மென்பொருள் இந்திய மொழிகளுக்கான எழுத்துச் சேர்க்கையைச் செய்யவில்லை என்று பொருள். ஃபோட்டோஷாப்பில் டைப் அமைப்புகளில் வேர்ல்டு-ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். அச்சுக்கடைகளில் இன்னும் புழங்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் யூனிகோடு தமிழை, அதாவது இன்றைக்குப் போனிலும் இணையத்திலும் அடிக்கிற தமிழை, ஒட்டினால் வராது, அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

நிறம்

நிறத்துக்கு நீண்ட பாடம் தேவையில்லை. கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னால் இருப்பதற்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், அது ஒன்றைக் கவனித்தால் போதும். வெள்ளையில் கருப்பு 21-க்கு 1, அதுதான் உச்சம். வெள்ளையில் பளீர் மஞ்சள் கிட்டத்தட்ட 1-க்கு 1, எழுதாமலே இருந்திருக்கலாம். பளீர் நீலத்தில் பளீர் சிவப்பு 2-க்குச் சற்று மேல். இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் பயன்படுத்த முடிய வேண்டும் என்று வகுத்த அணுகல் நெறிமுறைகள் சாதாரண எழுத்துக்கு 4.5-ம் பெரிய எழுத்துக்கு 3-ம் குறைந்தபட்சம் என்கின்றன. எண்ணெல்லாம் பார்க்கப் பொறுமை இல்லை என்றால், படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எழுத்து அப்போதும் படிக்க முடிந்தால் தேறியது.

ஒரு கவரைப் போட்டுப் பார்ப்போம்

மாடித்தோட்டம் பற்றி ஒரு யூடியூப் சேனல் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது குரோ பேக்கில் கத்தரியும் தக்காளியும் காய்த்து நிற்கும் போன் படம். பலரும் செய்வது, இதோடு உரம் போடும் படம், அறுவடைப் படம், சேனல் நடத்துபவரின் படம், பெல் ஐகான் என்று ஏழெட்டு ஒட்டுவது. 338 பிக்சல் உயரத்தில் இவ்வளவும் எங்கே போகும்? ஒரு படம் போதும்.

2048 × 1152-ல் புதிய பக்கம் திறந்துகொள்ளுங்கள். பாதுகாப்பான பகுதியைக் குறிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது, நான்கு பக்கமும் சுமார் 407 பிக்சல் உள்ளே தள்ளிக் கோடு போட்டால் அந்த 1235 × 338 சரியாக வந்துவிடும். படத்தை 16-க்கு 9 விகிதத்தில் வெட்டி முழுதும் நிரப்புங்கள், இங்கே கால் பங்குதான் போகும். கத்தரிக்காய் கோட்டுக்குள் வலப்பக்கம் வருமாறு நகர்த்துங்கள், இடப்பக்கம் எழுத்துக்கு.

இலைகள் மேல் வெள்ளை எழுத்து வைத்தால் வெயில் பட்ட இலையில் எழுத்து கரைந்துபோகும். எழுத்துக்கு நிழல், அவுட்லைன், அதன்மேல் ஒரு பளபளப்பு என்று ஏற்றிக்கொண்டே போகாமல், படத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் இடமிருந்து வலமாக மங்கிப்போகும் ஒரு கருப்பு அடுக்கைப் போடுங்கள், இடது ஓரத்தில் பாதிக்கு மேல் அடர்த்தி, கத்தரிக்காயிடம் வரும்போது பூஜ்யம். இலையின் இரைச்சலும் அடங்கும், எழுத்தும் நிற்கும், சுருக்கத்திலும் அவ்வளவாகப் பிசிறாது. சேனல் பெயர் ஒரு வரி, என்றைக்கு வீடியோ வரும் என்பது அதற்குக் கீழே ஒரு வரி. அவ்வளவுதான்.

அதே சேனலுக்கு எக்ஸ் கணக்கும் இருந்தால் இந்தப் படத்தை அப்படியே போட வேண்டாம். 1500 × 500-ல் தனியாகத் திறந்து, முகப்படம் இடது கீழே வரும் என்பதால் எழுத்தை வலப்பக்கம் மாற்றி, காயை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், கருப்பு அடுக்கும் இப்போது வலமிருந்து தொடங்கட்டும். பத்து நிமிட வேலை.

போட்டு முடித்ததும் உங்கள் சொந்தப் போனில் மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். வீட்டில் இருக்கிற பழைய ஆண்ட்ராய்டு போனில், வேறு ஒருவர் கணக்கில் இருந்து, வெளிச்சத்தைக் குறைத்து வைத்துத் திறந்து பாருங்கள், அப்புறம் ஒரு கணினியிலும், முடிந்தால் டிவியிலும். எங்காவது பெயர் வெட்டுப்பட்டால் எழுத்தை இன்னும் நடுவுக்கு நகர்த்துங்கள், மங்கலாக இருந்தால் மூலப் படத்தின் அகலம் எத்தனை பிக்சல் என்று பாருங்கள். தளங்கள் இந்த அளவுகளை அவ்வப்போது மாற்றும் என்பதால், லேயர்கள் (படம், எழுத்து என்று தனித்தனி அடுக்குகள்) கலையாத மூலக் கோப்பைப் பத்திரமாக எடுத்து வைத்துவிடுங்கள்.